தோல் மட்டும் எடுக்கச் சொன்னேன்

எங்கள் மெக்கானிக்குகள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஒரு தாள் வந்திருக்கிறது. 'பணிக்கால இனிய நினைவுகள்' என்று தலைப்பையும் அவர்களே அச்சடித்துவிட்டார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாதாம், சிரித்த முகத்துடன் ஒரு புகைப்படம் இணைக்க வேண்டுமாம். முப்பது வருடம் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனிடம் போய் இனிய நினைவு கேட்கிறார்கள். அப்படிக் கிடப்பவன் முகத்தில் என்னென்ன விழுந்தது என்று கேட்டால் பத்துப் பக்கம் எழுதலாம்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் என் மருமகன் காருக்குக் கிளட்ச் மாற்றினார்கள். துணைக்குப் போயிருந்தேன். பெரிய கண்ணாடிக் கட்டடம், உள்ளே ஏசி, காபி இயந்திரம். வேலை முடிந்து கையில் கொடுத்த தாளில் 'ஃபிளைவீல்: சரி' என்று இருந்தது. யார் பார்த்தது என்று கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "அது தானா வரும் சார். நாங்க மாத்தலேன்னா சிஸ்டத்துல ஓகேன்னுதான் இருக்கும்" என்றார். யாரும் பார்க்காமலே சரி. எனக்கு வந்த எரிச்சலில் காபியைக்கூடக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து இந்தத் தாளை எடுத்துவைத்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பக்கத்தில் முடியாது. இடமில்லை என்றால் போடாமல் விடட்டும்.

நான் கன்னியப்பன். ஊர் சேரப்பணஞ்சேரி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கிண்டியில் ஒரு ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, திட்டு வாங்கி, கிளட்ச், கியர்பாக்ஸ் வேலைக்கு ஆளானேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் வாங்கும் திட்டுதான். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் பக்கமெல்லாம் கம்பெனிகள் வந்தன. கூடவே ஆள் ஏற்றி இறக்கும் கார்களும் வேன்களும் பெருகின. எங்கள் முதலாளி ஒரகடம் கூட்டுரோடு பக்கத்தில் ஒரு கிளை திறந்து, சொந்த ஊர்க்காரன் என்று என்னை ஃபோர்மேனாக அனுப்பினார். சைக்கிளில் போய்வரும் தூரம். நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சாலையில் ஓடிய வண்டிகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கிளட்ச் தொல்லைதான் அதிகம். ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி கேட் முன்னால் வண்டிகள் அடி அடியாக நகரும். டிரைவர் இடது காலைக் கிளட்ச் பெடலில் வைத்தால் எடுக்கவே மாட்டார். கேட்டால், "நான் எங்கணா மெதிச்சேன், சும்மா மேல வச்சினுகீறேன்" என்பார். அந்தச் சும்மாதான் கெடுதலே. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம்தான் ஃபிளைவீல். அதன் முகத்தில் கிளட்ச் பிளேட் அழுந்தி ஒட்டி நிற்க வேண்டும். பின்னாலிருந்து அழுத்துவது பிரஷர் பிளேட். அது ஒரு கவருக்குள் இருக்கும். கவரை ஃபிளைவீலின் விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பெடலை மிதித்தால் அழுத்தம் போகும், விட்டால் வரும். காலைச் சும்மா மேலே வைத்திருந்தால் அழுத்தம் பாதி போய் பிளேட் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடானால் கருகல். இதைக் கார் செய்யும் கம்பெனி என்ஜினீயர்களுக்கே உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன். நன்றாகத் தலையாட்டுவார்கள். பிறகு சொந்தக் காரில் ஏறி, பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே போவார்கள்.

வேலையாவது ஒழுங்காக நடக்குமா என்றால் அதுவும் இல்லை. பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை இறக்கும் முன்னால், அதே நிலையில் திரும்ப மாட்ட, இணையும் இரண்டு பக்கமும் உளியால் ஒரு கோடு போடச் சொல்வேன். போட மாட்டார்கள். மாற்றி மாட்டி, வண்டி நடுங்கிக்கொண்டு திரும்பி வரும். கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கி நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். சரித்து இழுத்தால் அதன் பாரம் முழுக்க பிளேட்டில் தொங்கும். கவர் போல்ட்டுகளை எதிர் எதிராக, ஒவ்வொன்றையும் ஒரு சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாகக் கழற்றினால் கவர் வளைந்துவிடும். உள்ளே இருக்கும் தூசியை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் காற்றுக் குழாயை எடுத்து ஊதுவார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து இருமுவோம்.

பிளேட் வெளியே வந்ததும் ஆள் ஆளுக்கு அதைத்தான் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். நான் ஃபிளைவீலைப் பார்ப்பேன். முகத்தில் நீலம் பூத்திருக்கிறதா, மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா, நகத்தால் தேய்த்தால் வரி தட்டுகிறதா, சுற்றிலும் உள்ள பற்களில் எதுவும் உதிர்ந்திருக்கிறதா, பின்னாலிருந்து எண்ணெய் கசிகிறதா. முகம் சுத்தமாக இருந்தால் தின்னர் போட்டுத் துடைத்து அப்படியே விட்டுவிடலாம். வரியும் நீலமும் இருந்தால் கழற்றி லேத்துக்கு அனுப்பி, முகத்தை மெல்லியதாக ஒரு சீவு சீவி வாங்க வேண்டும். இதற்கு நாங்கள் வைத்திருந்த பேச்சு, 'தோல் எடுப்பது'. கிண்டியில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். பிறகு டம்மி ஷாஃப்ட் விட்டு புது பிளேட்டை மையத்தில் நிறுத்தி, கவரை வைத்து, மறுபடி எதிர் எதிராக முடுக்க வேண்டும். எண்ணெய்க் கையால் பிளேட் முகத்தைத் தொட்டவனை அன்று முழுக்கத் திட்டுவேன்.

இவ்வளவு பார்ப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் சுந்தரமூர்த்தி சார். கோபமே வராத மனிதர். அவரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நாம் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்பார். அதில் ஆச்சரியமும் இருக்காது, கேள்வியும் இருக்காது. கழற்றிய பிளேட்டை ஒரு துணியில் வைத்து அவர் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைப்பார். பிளேட்டை மூக்கருகே தூக்கி ஒரே ஒரு தடவை மூச்சை இழுப்பார். "எரிச்சிருக்கான்" என்பார். பரிசோதனை முடிந்தது. டிரைவர் பெடலில் காலை வைத்து எரித்துவிட்டான் என்று அர்த்தம்.

அவர் மேசையில் மூன்று ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். 'ஓட்டுநர் தவறு', 'இயல்பான தேய்மானம்', 'உதிரிபாகக் குறை'. வண்டியின் ஜாப் கார்டில் ஏதாவது ஒன்றைக் குத்திக் கையெழுத்துப் போடுவார். வெள்ளை நகல் வண்டி முதலாளிக்கு, மஞ்சள் நகல் எங்களுக்கு. முதல் ஸ்டாம்பின் கைப்பிடி தேய்ந்து பளபளவென்று இருக்கும். மற்ற இரண்டிலும் தூசி. அவர் மூக்கு பெரும்பாலும் சரியாகவே சொல்லும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வினையே அங்கேதான். பெரும்பாலும் சரியாகச் சொல்கிறவரை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

இனி ஏகாம்பரத்துக்கு வருகிறேன். வடக்குப்பட்டுக்காரன், முப்பது வயதிருக்கும். ஒரு டிராவல்ஸ்காரரின் வெள்ளை டீசல் காரை ஓட்டினான். ஸ்ரீபெரும்புதூர் கெஸ்ட் ஹவுஸிலிருந்து அதிகாரிகளை மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்குக் காலையில் கொண்டுபோய், சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவது அவன் வேலை. சீட் உறையை வாரம் தவறாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து மாட்டுவான். ஹாரனைக்கூட அளந்துதான் அடிப்பான்.

முதல் தடவை கிளட்ச் வழுக்குகிறது என்று வந்தான். கழற்றிப் பார்த்தால் பிளேட் தேய்ந்து கருகியிருந்தது, ஃபிளைவீல் முகம் நீலம் பூத்திருந்தது. மேனேஜர் மோந்து பார்த்தார், ஸ்டாம்பைக் குத்தினார். நான் ஃபிளைவீலைக் கழற்றி, கூட்டுரோட்டில் லேத் வைத்திருந்த பால்பாண்டிக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன். அதிகமாகச் சீவிவிடப் போகிறான் என்ற பயத்தில் 'தோல் மட்டும் எடு' என்று எழுதுவது என் வழக்கம். முகம் கண்ணாடிபோல் வந்தது. புது கிளட்ச் செட் போட்டு அனுப்பினோம்.

மூன்றே மாதத்தில் அதே வண்டி வந்து நின்றது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் ஏற்றத்தில் நின்றுவிட்டதாம். ஏகாம்பரம் என் பின்னாலேயே வந்தான்.

"ணா, நான் கால பெடல்ல வைக்கறதே இல்லணா."

"எல்லாரும் இதத்தான்யா சொல்றீங்க. அப்புறம் கிளட்ச்சு இன்னா தானா எரிஞ்சிக்குதா?"

"சாமி சத்தியமா இல்லணா. செருப்பக் கூட கழட்டிட்டுதான் ஓட்றேன். பெடலு கால்ல பட்டா தெரியணும்ல. கியர் மாத்தற நேரம் தவுத்து கால சீட்டுக்கு அடியில மடக்கி வச்சிக்கறேன்."

நான் அவனை நம்பவில்லை. பொய் சொல்கிறவன் இவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டான் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. எனக்கு அன்று நான்கு வண்டி வேலை நிலுவையில் இருந்தது. அவன் ஏன் இப்படித் தவிக்கிறான் என்பதையும் அவனே சொன்னான். அந்தக் கம்பெனியில் நிரந்தர டிரைவர் இரண்டு பேரை எடுக்கப் போகிறார்கள். இவன் வண்டியில் போகும் அதிகாரி ஒருவர் இவன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறார். இப்போதைய முதலாளியிடம், வண்டியை ஒழுங்காக வைத்திருப்பவன் என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும்.

"பர்மனென்ட்டுணா. யூனிஃபாரம், கேன்டீனு, எல்லாம் கீது. நம்ம ஊர்ல கம்பெனி வந்து எத்தினி வர்சமாவுது, உள்ள போன டிரைவரு ஒருத்தன் கூட இல்ல. நான்தான் மொத ஆளு. நீ மேனேஜர் கையில சொல்லுணா."

நான் சொன்னேன். சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். "சார், நல்ல பையன் சார்" என்றேன். "அப்படியா" என்றார் மேனேஜர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மூச்சை இழுத்தார். பளபளத்த கைப்பிடி மேலே போய்க் கீழே வந்தது. நான் மறுபடி ஃபிளைவீலைக் கழற்றி, மறுபடி சீட்டு எழுதினேன். தோல் மட்டும் எடு.

மூன்றாவது தடவை ஐந்தே வாரத்தில் வந்தது. இந்த முறை டிராவல்ஸ்காரரே கூட வந்திருந்தார். மேனேஜர் அறைக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சார், மூணு கிளட்ச்சு. இவன் கால எடுத்தாதான் செரியாவும் போலக்கீது" என்றார். மேனேஜர் அதற்கும் "அப்படியா" என்றார். கதவு திறந்துதான் இருந்தது. ஏகாம்பரம் வண்டிப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று தன் இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டாம்ப் சத்தம் கேட்டதும் டிராவல்ஸ்காரர் வெளியே வந்து கையை நீட்டினார். அவன் வண்டிச் சாவியைக் கொடுத்தான். சீட் உறைகள் அவன் வீட்டில் காய்ந்துகொண்டிருப்பதாக மட்டும் சொல்லி, சாயங்காலம் கொண்டுவந்து தருகிறேன் என்றான்.

கம்பெனியில் கடிதம் கேட்டபோது, டிராவல்ஸ்காரர் எங்கள் ஜாப் கார்டு மூன்றையும் வைத்துத் தைத்து அனுப்பினாராம். மூன்றிலும் 'ஓட்டுநர் தவறு'. இதையெல்லாம் பிறகுதான் கேள்விப்பட்டேன். அன்று நான் செய்தது, மூன்றாவது சீட்டை எழுதியதுதான்.

புது டிரைவர் ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகு வளையாமல் உட்கார்ந்து ஓட்டுவார். கிளட்ச் பெடலை மிதித்துவிட்டு காலைத் தனியே எடுத்துத் தரையில் வைக்கும் சத்தம் வெளியே கேட்கும். "இனிமே உங்க ஒர்க் ஷாப் பக்கமே வரமாட்டோம்" என்று டிராவல்ஸ்காரர் என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரம் முடியவில்லை, அதே வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

பிளேட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கண்ணாடி, மூச்சு. "எரிச்சிருக்கான்."

"சார், இது வேற டிரைவர் சார்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு ஸ்டாம்பைக் குத்தினார்.

அந்த நிமிடம் எனக்குள் வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர்மேல் வந்தது என்று நினைத்துக்கொண்டுதான் பட்டறைக்குத் திரும்பினேன். வண்டி அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஃபிளைவீலைப் பார்த்தேன். இதே ஃபிளைவீலை மூன்று தடவை பார்த்தவன் நான்தான். நீலம் பார்த்தேன், வரி பார்த்தேன், வெடிப்பு பார்த்தேன். முதல் தடவை மூன்று மாதம் தாங்கியது, அடுத்து ஐந்து வாரம், அடுத்து மூன்று வாரம். ஒவ்வொரு தடவை நான் சரிசெய்த பிறகும் சீக்கிரமாகக் கெடுகிறது. காலைக் குறை சொல்வதென்றால் இரண்டு பேருக்கும் ஒரே கால் இருக்க வேண்டும்.

ஃபிளைவீலைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஸ்டோரிலிருந்து அதே வண்டிக்கான புது ஃபிளைவீல் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். இந்த வகை ஃபிளைவீல், விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி. பிளேட் உரசும் முகம் உள்ளே கொஞ்சம் பள்ளத்தில் இருக்கும். கவரைப் போல்ட் போடும் விளிம்பு மேலே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தப் படிதான் உயிர். விளிம்பின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, முகம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்தேன். எங்கள் ஃபிளைவீலில் பள்ளம் ஒரு மில்லிமீட்டருக்கும் மேலே கூடியிருந்தது.

முகத்தைச் சீவினால் அதே அளவு விளிம்பையும் சீவ வேண்டும். முகத்தை மட்டும் சீவினால் பிளேட் உள்ளே போகும், கவர் பழைய இடத்திலேயே நிற்கும். பிரஷர் பிளேட்டுக்கு எட்டாது. எட்டினாலும் அழுத்தம் இருக்காது. பெடலில் யார் காலும் இல்லாமலே கிளட்ச் வழுக்கும், கருகும். சுந்தரமூர்த்தி சார் மூக்குக்கு அது டிரைவர் எரித்த வாசனையாகவே இருக்கும். கருகல் எப்படி வந்தாலும் ஒரே வாசனைதான்.

நேராகப் பால்பாண்டி லேத்துக்குப் போனேன். நியாயம் கேட்கப் போகவில்லை, கத்தத்தான் போனேன்.

"இன்னா வேல செஞ்சி வச்சிகீற பாண்டி? முகத்த சீவின, விளிம்ப ஏன் சீவல?"

பால்பாண்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன். மெதுவாகத்தான் பேசுவான். லேத்தை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நீங்க என்ன எழுதி அனுப்புனிய?"

"தோல் எடுக்கச் சொன்னேன்."

அவன் சுவரில் தொங்கிய கம்பியிலிருந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, மூன்றை எடுத்து என் முன்னால் வைத்தான். என் கையெழுத்து. "தோல் மட்டும் எடுன்னு எழுதிருக்கிய. மட்டும்னு கோடு வேற போட்டிருக்கிய. நான் வேற எதையும் தொடலாமா? விளிம்பையும் எடுன்னு ஒரு வார்த்த எழுதிருந்தா எடுத்திருக்க மாட்டனா? நான் கம்பெனிக்கு புஷ்ஷு, பின்னுன்னு சின்னச் சாமான் கடைஞ்சிக்கிட்டு கெடக்கேன். இதுக்குள்ள நீங்க என்னத்த மாட்டுவியன்னு நான் கண்டனா?"

மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன். கிண்டியில் இருந்த லேத்காரர் வாழ்நாள் முழுக்க வண்டி வேலையே செய்தவர். தோல் எடு என்றால் முகத்தையும் எடுப்பார், விளிம்பையும் எடுப்பார். விளிம்பு என்று ஒன்று அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. வார்த்தையை மட்டும் கிண்டியிலிருந்து ஒரகடத்துக்குக் கொண்டுவந்தேன். வேலை அங்கேயே தங்கிவிட்டது. திரும்பி வந்ததை அளந்து பார்த்திருந்தாலும் போதும். முகம் கண்ணாடிபோல் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, ஒரு தடவை ஸ்கேலை வைக்கவில்லை. எல்லாம் பார்ப்பவன் என்று பெயர் எடுத்தவன்.

மூன்று சீட்டையும் வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உட்காருப்பா. டீ சொல்லவா?"

"கார்டுல ஒர்க் ஷாப் தவறுன்னு போட்டுக் குடுங்க சார். அந்தப் பையன் வேலைக்கு இது எமனா நிக்குது."

அவர் மூன்று ஸ்டாம்பையும் ஒரு தடவை பார்த்தார். "ஒர்க் ஷாப் தவறுன்னு ஒரு ஸ்டாம்ப் நம்மகிட்ட இல்லையேப்பா" என்றார். கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அதுதான் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது.

"செய்ய சொல்லலாம் சார்."

"அப்படியா." ஸ்டாம்புகளை ஒழுங்காக அடுக்கி வைத்தார். "புது ஃபிளைவீல் போட்டு அனுப்பிடு. கார்டுல உதிரிபாகக் குறைன்னு போட்டுடலாம். யாருக்கும் சங்கடம் இல்ல."

"ஏகாம்பரத்துக்கு சார்?"

"நல்ல டிரைவர்னா வேற இடம் கிடைக்காமலா போயிடும்."

கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். சண்டை போட்டால் சண்டை போடலாம். டீ சொல்லவா என்று கேட்பவரை என்ன செய்வது? வெளியே வந்து, ஒரு புது ஜாப் கார்டை எடுத்து என் கையாலேயே எழுதினேன். 'இந்த வண்டியின் கிளட்ச் திரும்பத் திரும்பக் கருகியதற்கு ஓட்டுநர் ஏகாம்பரம் காரணம் அல்ல. ஃபிளைவீல் தவறாகச் சீவப்பட்டது. அப்படிச் சீவச் சொன்னது நான்.' கீழே கையெழுத்து, பெயர், ஃபோர்மேன். இரண்டு படி எழுதினேன். ஒன்றை டிராவல்ஸ்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "செரி, இப்போ இன்னா பண்ண சொல்ற? கம்பெனில ரெண்டு பேரையும் எடுத்துட்டாங்க" என்று சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் சுந்தரமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டு, "முதுகு வலிக்குதுன்னு சொன்னியேப்பா, கொஞ்ச நாள் வாட்டர் வாஷ் பக்கம் பார்த்துக்கோ" என்றார். என் முதுகுமேல் அவ்வளவு அக்கறை. எட்டு மாதம் வண்டி கழுவினேன்.

இன்னொரு படியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வடக்குப்பட்டுக்குப் போனேன். ஏகாம்பரம் வீட்டில்தான் இருந்தான். அப்போது செங்கல் லாரிக்கு மாற்று டிரைவராகக் கூப்பிட்டால் போய்க்கொண்டிருந்தான். கார்டை வாங்கி வாய்விட்டுப் படித்தான். திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து படித்தான்.

"அப்போ நான் எரிக்கலயாணா?"

"இல்லப்பா."

"மூணு தபாவுமா?"

"மொத தபா அதுக்கு வயசாயிடுச்சி. மத்த ரெண்டும் என்னுது."

அவன் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் எரிச்சிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்ணா. எனக்கே தெரியாம கால் போவுது போலன்னு. மேனேஜரு மோந்து பாத்து சொல்றாரு, நீயும் சொல்ற. நான் ஒருத்தன் இல்லன்னு சொன்னா செரியாவுமா?"

அவன் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வூட்ல குந்தினு இருக்கசொல்லோ கூட இது அந்தக் காலயே பாத்துகினு கெடக்கும்ணா" என்றாள். பிறகு, "இத்த மொதல்லயே அளந்து பாத்திருக்கலாம் இல்லணா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. பாத்திருக்கலாம்மா என்றேன்.

"வுடு, அண்ணன் இவ்ளோ தூரம் வந்து சொல்லுது" என்றான் ஏகாம்பரம். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் சைக்கிளை நிம்மதியாக மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவன் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கும் போனானாம். இடம் நிரம்பிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்களாம். அடுத்த முறை டிரைவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். நிரந்தரம் என்ற பேச்சே போய்விட்டது.

சுந்தரமூர்த்தி சார் பிறகு சென்னைக்கு மாறிப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, முதுகு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் மறுபடி கியர்பாக்ஸ் பக்கம் வந்தேன். அன்றிலிருந்து லேத்துக்கு அனுப்பும் சீட்டில் முகம் எவ்வளவு, விளிம்பு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதினேன், திரும்பி வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தேன். தோல் என்ற வார்த்தையை என் பட்டறையில் யார் சொன்னாலும் எரிந்து விழுந்தேன். காரணம் தெரியாமல் வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

சில வருடம் கழித்து, ஒரகடம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் என் சைக்கிள் பஞ்சராகி கூட்டுரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய வேன் ஒன்று ஓரம் கட்டியது. "ணா, ஏறு, உங்க ஊரு வழியாத்தான் போறேன்" என்று உள்ளேயிருந்து குரல். ஏகாம்பரம். கன்னத்தில் சதை போட்டிருந்தான். சைக்கிளைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவன் பெண்ணின் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

எனக்குப் பழக்கதோஷம், எந்த வண்டியில் ஏறினாலும் கண் முதலில் டிரைவரின் இடது காலுக்குத்தான் போகும். செருப்பு கதவோரம் கிடந்தது. வெறுங்கால். பெடல் பக்கத்திலேயே இல்லை, சீட்டுக்கு அடியில் பின்னால் மடங்கிக் கிடந்தது. கியர் மாற்றும்போது மட்டும் முன்னால் வந்து, மிதித்து, உடனே பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சாலை வேலையால் பத்தடிக்கு ஒரு தடவை கியர் மாற்ற வேண்டியிருந்தது. அத்தனை தடவையும் அப்படியே.

"ஏம்ப்பா, இன்னும் கால இப்பிடி மடக்கி வச்சினுகீற? நீ எரிக்கலன்னு கார்டு குடுத்தேனே."

"அது பத்திரமா கீதுணா. லேமினேசன் போட்டு வச்சிகீறேன்" என்று சிரித்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்குத் தெரியுதுணா. காலுக்குத்தான் தெரியல."

சேரப்பணஞ்சேரியில் இறங்கிக்கொண்டேன். சைக்கிளை அவனே தூக்கி இறக்கிவைத்தான். முதல் கியர் போட்டு வண்டியை எடுத்தான். கிளட்ச் ஒரு நடுக்கம்கூட இல்லாமல் பிடித்தது. குறை சொல்ல அந்த வண்டியில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.